சீட்டில்லாமல் வாங்கும் தூக்க மாத்திரை அளவு மீறினால் என்ன ஆகும்?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 68 வயது, டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. பார்மசியில் சீட்டில்லாமல் கிடைக்கிற தூக்க மாத்திரையை ஒன்று ஒன்றாக ஆரம்பித்தார். இப்போது இரவுக்கு மூன்று, சில நாள் நான்கு. போன வாரம் விடியற்காலை சோபாவில் உட்கார்ந்து, காற்றில் நூல் பிடுங்குவதுபோல விரல்களை ஆட்டிக்கொண்டு, எப்போதோ இறந்துபோன சித்தப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாராம். மறுநாள் கேட்டால் எதுவும் ஞாபகமில்லை. “கடையில் தாராளமாக விற்கிற மருந்துதானே, கூட ஒன்று போட்டால் கூடக் கொஞ்சம் தூங்குவார், அவ்வளவுதானே? இல்லை, அப்பாவுக்கு மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா?” இதுதான் கேள்வி.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இப்போதும் உளறிக்கொண்டிருந்தால், தட்டி எழுப்பியும் சரியாக எழாவிட்டால், நெஞ்சு படபடக்கிறது என்றால், வலிப்பு வந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடுங்கள். இல்லை, தெளிவாகத்தான் இருக்கிறார், வழக்கம்போலக் கீழே போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார் என்றால் நிதானமாகப் படிக்கலாம். ஆனாலும் இன்றிரவு அந்த மாத்திரை வேண்டாம். நாளைக்கே பாலிகிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

நான் மருத்துவமனை மருந்தகத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மருத்துவர் இல்லை. அப்பாவைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் எழுதிய அந்த நூல் பிடுங்கும் விவரத்தைப் படித்ததும் எனக்கு மறதி நோய் நினைவுக்கு வரவில்லை. மாத்திரைதான் வந்தது.

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். இந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலும் டைஃபென்ஹைட்ரமின் என்றோ டாக்ஸிலமின் என்றோ ஒரு பெயர் இருக்கும். இரண்டுமே தூக்கத்துக்கென்று பிறந்த மருந்துகள் இல்லை. டைஃபென்ஹைட்ரமினை 1940-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் ரீவ்ஷல் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். 1946-இல் அது ஒவ்வாமை மருந்தாக, அதுவும் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. தும்மல், அரிப்பு, மூக்கொழுகல், இவற்றுக்குத்தான். சாப்பிட்டவர்களெல்லாம் சாமியாடி விழுந்ததுபோலத் தூங்கினார்கள். அந்தப் பக்கவிளைவையே பிற்பாடு தனிப் பெட்டியில் போட்டு, மேலே நிலாப் படம் ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள்.

ஏன் தூக்கம் வருகிறது? ஹிஸ்டமின் என்ற பொருள் மூக்கில் அரிப்பைக் கிளப்புவதோடு நிற்பதில்லை. மூளைக்குள் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் வேலையும் அதற்கு உண்டு. பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் மூளைக்குள் எளிதாக நுழைந்து அங்கேயும் அதைத் தடுத்துவிடும். (செட்டிரிசின், லோராட்டடின் போன்ற பின்னால் வந்தவை அவ்வளவாக உள்ளே போவதில்லை. அதனால்தான் அவற்றில் மயக்கம் குறைவு.) ஆனால் இந்தத் தூக்கம் நிலைக்காது. தொடர்ந்து போட்டால் மூன்று நான்கு நாளிலேயே மூளை பழகிக்கொள்ளும். ஒரு மாத்திரை வேலை செய்யவில்லை என்று இரண்டு, இரண்டு போதவில்லை என்று மூன்று. உங்கள் அப்பா ஏறிய படி இதுதான். தூங்க வைக்கும் குணம்தான் பழகிப்போகிறது. இதயத்தை, சிறுநீர்ப்பையை, நினைவைத் தொடும் குணங்கள் அப்படிப் பழகிப் போய்விடும் என்று நம்பிக் கூட்டிக்கொண்டே போக முடியாது. எண்ணிக்கையைக் கூட்டும்போது கூடுவது பெரும்பாலும் அவைதான்.

வயதும் ஒரு கணக்கு. நடுவயதுக்காரர் உடம்பில் டைஃபென்ஹைட்ரமின் பாதியாகக் குறைய ஏறக்குறைய 9 மணி நேரம் ஆகும். முதியவர்களுக்கு 13 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். இரவு 10 மணிக்குப் போட்டதில் பாதி மறுநாள் காலை 11 மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் தலையில் அடுத்த இரவின் மூன்று. ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொண்டால்தான் அளவு மீறல் என்று நினைக்காதீர்கள். இப்படி மெள்ள ஏறுவதும் அதே குளத்தில்தான் போய் விழுகிறது.

இப்போது அந்த நூல் விஷயம். நம் உடம்பில் அசிடைல்கோலின் என்று ஒரு தூதன் உண்டு. வாயில் எச்சில் ஊறவும், வியர்க்கவும், குடல் அசையவும், சிறுநீர்ப்பை சுருங்கவும், கண்மணி சுருங்கவும், நினைவு தங்கவும் அவன்தான் சேதி கொண்டுபோகிறான். இந்த மாத்திரைகள் ஹிஸ்டமினோடு இவனையும் வழிமறிக்கும். கொஞ்சமாக மறித்தால் வாய் வறளும், அவ்வளவுதான். அதிகமாக மறித்தால் ஒவ்வொரு கதவாக அடைபடும். எச்சில் நின்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். பேச்சு குழறும். கண்மணி விரிந்து பக்கத்தில் இருப்பது மங்கும். குடல் அசையாமல் வயிறு உப்பும். வியர்வை நின்றுவிடும். இந்த ஊர்ச் சூட்டில் வியர்க்காத உடம்பு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முகம் சிவந்து, தோல் காய்ந்து, காய்ச்சல் ஏறும். அவசரப் பிரிவில் அனுபவமுள்ள மருத்துவர்கள் இப்படிப்பட்டவரைப் பார்த்தால் முதலில் அக்குளுக்குள் விரலை வைத்துப் பார்ப்பார்கள். படபடப்போடு வந்தவரின் அக்குள் ஈரமாக இருக்க வேண்டும். எலும்புபோலக் காய்ந்திருந்தால் இந்தக் குடும்பத்து மருந்தின் மேல் சந்தேகம் வரும். செலவில்லாத பரிசோதனை. அதை முதலில் பார்த்தபோது நான் அசந்துபோனேன்.

மூளையில் இதே தடை விழுந்தால் வருவதுதான் உளறல். இது குடிபோதை உளறல் மாதிரி இருக்காது. ஆள் மெதுவாக முணுமுணுப்பார், பாதி வாக்கியத்தில் நிறுத்துவார், இல்லாதவரோடு பேசுவார். போர்வையில் இல்லாத பூச்சியைத் தட்டுவார். காற்றில் நூல் எடுப்பார், ஊசியில் கோப்பார், பீடி சுற்றுவார். ஆள் என்ன தொழில் செய்தாரோ அந்தத் தொழிலைக் கை செய்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு முதியவர் கட்டிலில் உட்கார்ந்து காற்றில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் இதைப் பார்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். செத்தவர் வந்து கூப்பிடுகிறார் என்று பூசை போட்டவர்களும் உண்டு. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. விடியற்காலையில் அப்பா தன் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கேலி செய்ய எனக்குத் தகுதியும் இல்லை. என் அம்மாவுக்கே இது நடந்தது, மருந்தாளன் நான் பக்கத்திலிருந்தே கவனிக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது 74. இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, அடிவயிறு கனக்கிறது என்றார். கிருமித்தொற்றாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். பாவம், குடித்தார். மூன்றாம் நாள் ராத்திரி சமையலறையில் நின்று, சிராங்கூன் ரோட்டில் எப்போதோ இடித்துவிட்ட ஒரு கடைக்குப் போக வேண்டும், சேலையை எடு என்றார். மருத்துவமனையில் குழாய் விட்டதும் பை நிறைந்துகொண்டே போனது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து மேசையில் கொட்டினேன். அரிப்புக்கு என்று கிளினிக்கில் கொடுத்த சின்ன மஞ்சள் மாத்திரை. இருமல் மருந்து பாட்டில். தங்கை மகன் தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த அவில். தூக்கத்துக்கு ஒரு பெட்டி. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், ஃபெனிரமின், மறுபடியும் டைஃபென்ஹைட்ரமின். மூன்று பெயர், நான்கு உறை, ஒரே குடும்பம். அம்மா எதையும் அளவுக்கு மேல் சாப்பிடவில்லை. ஒவ்வொன்றையும் உறையில் எழுதியபடிதான் சாப்பிட்டார். கூட்டிப் பார்க்க வேண்டியவன் நான்.

குழாயை எடுத்து, மாத்திரைகளை நிறுத்தி, நான்கே நாளில் பழைய அம்மாவாக வந்துவிட்டார். உங்கள் அப்பா விஷயத்திலும் அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. மருந்தால் வந்த குழப்பம் மருந்து போனால் போகும். ஆனால் முதியவர்களுக்குத் தெளிய நாளாகலாம். அதற்குள் எழுந்து நடந்து குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் இந்தப் பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகளைச் சேர்த்திருக்கிறது. புராஸ்டேட் வீக்கம், கண்ணில் அழுத்தம் உள்ளவர்களுக்கு அளவோடு போட்டாலே தொல்லை வரலாம்.

இதுவரை சொன்னது பாதிதான். நான் உண்மையில் பயப்படுவது இதயத்துக்கு.

இதயத் தசைக்குள் மின்சாரம் ஓடுவது சோடியமும் பொட்டாசியமும் உள்ளே வெளியே போய்வருவதால். டைஃபென்ஹைட்ரமின் அளவு மீறும்போது இந்த இரண்டு வழியையும் அடைக்கும். இசிஜி தாளில் ஊசிபோல நிமிர வேண்டிய கோடு அகன்று மழுங்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம் நீளும். அதற்கு மேல் போனால் தாளம் தப்பும், ரத்த அழுத்தம் விழும், இதயம் நின்றும் போகலாம். வலிப்பும் இந்தக் கட்டத்தில்தான் வரும், முன்னறிவிப்பில்லாமல். 2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. டிக்டாக்கில் பரவிய ஒரு விபரீத விளையாட்டில் இந்த மருந்தை அளவுக்கு மேல் சாப்பிட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள் அவசரப் பிரிவுக்கு வந்தார்கள், உயிர் போனதாகவும் தகவல் வந்தது. இதயக் கோளாறு, வலிப்பு, ஆழ்மயக்கம், மரணம் என்று அந்த எச்சரிக்கை வரிசையாகச் சொன்னது. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும்தான் ஆபத்து என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

டாக்ஸிலமினுக்கு இன்னொரு குணம். அளவு மீறினால் தசை நார்கள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தம் வழியாகச் சிறுநீரகத்தில் போய் அடைக்கும். ஆள் விழுந்திருக்க மாட்டார், அடிபட்டிருக்க மாட்டார், ஆனால் தொடையும் தோளும் வலிக்கும், சிறுநீர் பால் கலக்காத கோப்பி-ஓ நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் வரை கொண்டுபோய்விடும்.

பெட்டியில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்: பாராசிட்டமால். “இரவு” என்று பெயரில் சேர்த்து விற்கும் வலி மாத்திரை, சளி மாத்திரைகளில் பாராசிட்டமாலும் டைஃபென்ஹைட்ரமினும் ஒன்றாக இருப்பதுண்டு. தூக்கத்துக்காக அதைக் கூட்டிச் சாப்பிடுகிறவர் தெரியாமலே ஈரலுக்கு விஷம் கூட்டுகிறார். பெரியவர்களுக்கே ஒரு நாளில் 4 கிராம்தான் உச்சவரம்பு, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. மெலிந்தவர், குடிப்பழக்கம் உள்ளவர், ஈரல் கோளாறு உள்ளவருக்கு அதுவும் அதிகம். பகலில் மூட்டு வலிக்கு இரண்டு பனடோல் (அதுவும் பாராசிட்டமால்தான்), சாயங்காலம் இரண்டு, ராத்திரி இந்தக் கூட்டு மாத்திரை என்று போகிற வீடுகள் எத்தனை!

பாராசிட்டமாலின் கெட்ட குணம் அதன் மௌனம். முதல் நாள் கொஞ்சம் குமட்டல், சில பேருக்கு அதுவும் இல்லை. ஆள் சாப்பிடுவார், டிவி பார்ப்பார், “ஒன்றும் ஆகவில்லையே” என்பார். ஈரல் அப்போதே கருக ஆரம்பித்திருக்கும். வலது விலாவுக்குக் கீழ் வலி, கண் மஞ்சள், எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாள்தான். என்-அசிடைல்சிஸ்டீன் என்ற விஷமுறிவு மருந்து 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் அருமையாகக் காப்பாற்றும். அதன் பிறகும் கொடுப்பார்கள், பயனும் உண்டு, ஆனால் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு எதிராக ஓடும். அதனால் பாராசிட்டமால் அளவு மீறியது தெரிந்தால், ஆள் எவ்வளவு தெம்பாக இருந்தாலும், கேட்காமல் கிளப்பிக்கொண்டு போய்விடுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பேச்சே கூடாது.

உங்கள் அப்பா வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நம்மவர்களில் 68 வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இல்லாதவர் குறைவு என்பதால் கேட்கிறேன். மெட்டோபிரலால் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கரைக்கிற ஈரல் நொதியை டைஃபென்ஹைட்ரமின் தடுக்கும். அப்போது வழக்கமான அளவு மெட்டோபிரலாலே அதிக அளவாகி நாடி மெதுவாகும், எழுந்தால் தலை சுற்றும். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால், அதன் படபடப்பில் விழித்துக்கொள்ள வேண்டிய ஆள் மாத்திரை மயக்கத்தில் விழிக்கவே மாட்டார். பீரோ விஸ்கியோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். மன அழுத்தத்துக்கு, நரம்பு வலிக்கு என்று அமிட்ரிப்டிலின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது இதே அசிடைல்கோலினையும் இதயத்தையும் தொடுகிற மருந்து.

தூக்கத்துக்காக உடம்பே சுரக்கும் மெலட்டோனினை மாத்திரையாக விற்கிறார்களே, அதைப் பற்றியும் கேட்பீர்கள். அது வேறு குடும்பம். அதிகமாகப் போனால் பெரும்பாலும் தலைவலி, குமட்டல், மறுநாள் மந்தம். இதயத்தைக் குலைக்கிற ரகம் இல்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் மிட்டாய் வடிவ மெலட்டோனினைப் பேரப்பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளில், பாட்டிலில் எழுதிய அளவும் உள்ளே இருக்கும் அளவும் பலவற்றில் ஒத்துப்போகவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று: விமானத்தில் தூங்க வைக்கலாம் என்று குழந்தைக்கு இருமல் மருந்தை ஊற்றாதீர்கள். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் வெறிபிடித்ததுபோல ஆடும். சில இருமல் மருந்துகளில் இருக்கும் புரோமெத்தசினும் இந்தப் பழைய தலைமுறைதான், அதை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு நின்ற சம்பவங்கள் உண்டு.

சீட்டில்லாமல் விற்கிறார்களே என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிங்கப்பூரில் மருந்துகளுக்கு மூன்று வகுப்பு: மருத்துவர் சீட்டோடு மட்டும் கிடைப்பது, மருந்தாளரைக் கேட்டு வாங்குவது, யாரும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வது. மயக்கம் தரும் இந்த வகை மருந்துகளைப் பெரும்பாலும் மருந்தாளரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யாருக்கு, எத்தனை நாளாக, வேறென்ன மருந்து என்று அவர் கேட்பது சும்மா பேச்சுக்கு இல்லை. அந்தக் கேள்விகள்தான் சீட்டுக்குப் பதில். பின்னால் வரிசை நிற்கிறது என்று நாம் “இல்லை, இல்லை, முன்பே சாப்பிட்டிருக்கிறேன்” என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். ஒரு கடையில் ஒன்று, அடுத்த எம்ஆர்டி நிலையத்தில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாரு போனால் அங்கே இரண்டு. எந்தக் கடைக்காரருக்கும் மொத்தக் கணக்கு தெரியாது. பெட்டியில் எழுதிய அளவில், சில இரவுகளுக்கு மட்டும், உடம்பில் வேறு கோளாறில்லாதவர் எடுத்தால் பிரச்சினை அரிது. அந்த நிபந்தனையோடுதான் அதைச் சீட்டில்லாமல் விற்கிறார்கள்.

அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், மோர், எதுவும் வேண்டாம். மயங்கிக்கொண்டிருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குத்தான் போகும். கடுங்கோப்பி கொடுத்துத் தெளிய வைக்கவும் முடியாது. ஏற்கனவே ஓடும் இதயத்தை அது இன்னும் விரட்டும். ஆள் மூச்சு விடுகிறார், ஆனால் மயக்கம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 995. மூச்சு இல்லை என்றால் தொலைபேசியில் இருப்பவர் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார், ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்த ஆளை மின் தூக்கிப் பக்கம் ஓடச் சொல்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியைக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் புளோக்கில் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று இன்று சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அவசரப் பிரிவுக்குப் போகும்போது காலி உறைகளையும் குப்பைக்கூடையில் கிடப்பதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். “ஏதோ நீல மாத்திரை” என்றால் அவர்களுக்கு அரைமணி வீண். எப்போது சாப்பிட்டார், எத்தனை இருக்கலாம், கடைசியாக எப்போது தெளிவாகப் பேசினார், இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். அங்கே இசிஜி எடுப்பார்கள், ஒரு முறை இல்லை, திரும்பத் திரும்ப. குடல் அசைவு நின்றிருப்பதால் மருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். வந்தபோது நன்றாக இருந்தவர் சில மணி நேரம் கழித்து மோசமாகலாம். “பேசிக்கொண்டுதானே இருக்கிறார், ஏன் வீட்டுக்கு விட மாட்டேன் என்கிறார்கள்” என்று தாதியரிடம் கோபப்படாதீர்கள். சீக்கிரமே வந்து தெளிவாகவும் இருந்தால் மருத்துவக் கரி குடிக்கக் கொடுக்கலாம். பாராசிட்டமால் அளவுக்கு ரத்தம் எடுப்பார்கள். வலிப்புக்கு ஊசி. சூட்டுக்குக் குளிர்விப்பு. அடைத்த சிறுநீருக்குக் குழாய். இசிஜி கோடு அகன்றிருந்தால் சோடியம் பைகார்பனேட்டை நரம்பில் ஏற்றுவார்கள். ஆமாம், ஆப்பத்துக்குப் போடும் அதே சோடா உப்புதான், ஊசிக்கென்று தூய்மையாகச் செய்தது. கோடு கண்ணெதிரே குறுகிவருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காக வீட்டில் யாரும் சோடா உப்பைக் கரைத்துக் கொடுக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா இறந்து, தூங்காமல், தனியாக ராத்திரியில் மாத்திரை எண்ணும் ஒரு மனிதர். அவர் தூக்கத்துக்காகத்தான் கூட்டினாரா, விழிக்காமலே போய்விட்டால் தேவலை என்றும் நினைத்தாரா? நேராகக் கேளுங்கள். “அப்பா, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா?” கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிங்கப்பூர் அபயக் கரங்களை (எஸ்ஓஎஸ்) 1767-இலும் தேசிய மனநல உதவி எண்ணை 1771-இலும் இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் மறைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் போய்விட்டது. 2020 ஜனவரி 1 முதல் இங்கே தற்கொலை முயற்சி குற்றமில்லை. மாத்திரை போட்டுத் தூங்கியபடியே அமைதியாகப் போய்விடலாம் என்று யாராவது நினைத்தால், மேலே எழுதியதை அவர் படிக்கட்டும். காய்ந்த நாக்கு, அடைத்த வயிறு, இல்லாத பூச்சிகள், வலிப்பு. அதில் தூக்கமும் இல்லை, அமைதியும் இல்லை.

இனி அப்பாவின் தூக்கத்துக்கு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில் தூக்கமின்மைக்கு டைஃபென்ஹைட்ரமின் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது மாத்திரை இல்லை, தூக்கப் பழக்கத்தை மாற்றும் பயிற்சி. படுக்கும் நேரத்தைக் குறுக்குவது, தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது, பகலில் சோபாவில் கண்ணயர்வதை நிறுத்துவது. கேட்கச் சாதாரணமாக இருக்கும், முதல் இரண்டு வாரம் கசக்கும், பிறகு நிற்கும். பாலிகிளினிக்கில் கேட்டால் வழிகாட்டுவார்கள். அதோடு அப்பா குறட்டை விடுகிறாரா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று ஒரு ராத்திரி கவனியுங்கள். இப்படித் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருப்பவருக்கு மயக்க மாத்திரை கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. டாக்சி ஓட்டியவர் என்கிறீர்கள். வருடக்கணக்கில் ராத்திரி ஷிப்டு ஓட்டிய உடம்பென்றால் அதன் கடிகாரமே மாறிக் கிடக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாளைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். இருமல் மருந்து, தைலம், ஊரிலிருந்து வந்தது, அம்மாவுடைய மிச்சம், எல்லாவற்றையும். “வேறு மருந்து சாப்பிடுகிறாரா” என்று கேட்டால் வாயால் சொல்லாமல் பையை மேசையில் கவிழ்த்துவிடுங்கள். இன்றிரவு படுக்கப் போகுமுன் அப்பாவிடம் ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார்? மதியத்துக்கு மேல் போகவில்லை, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது என்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள்.